தவழும் மாதமும் நீர்க்காப்புக் கல்வியும்: ஆரம்பாக்கம் வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

சென்னையிலிருந்து கொல்கத்தா செல்லும் நெடுஞ்சாலையில், தமிழகத்தின் வட எல்லையை ஒட்டி அமைந்த ஊர் ஆரம்பாக்கம். கிழக்கே பழவேற்காடு ஏரி. தெற்கே கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை. திருவள்ளூர் மாவட்டத்துக்கே உரிய பாசன ஏரிகளும், சவுடு மண் அள்ளிய குழிகளும், செங்கற்சூளைகளும் இவ்வட்டாரத்தின் நிலக்காட்சியை முழுமையாக்குகின்றன. இப்பகுதியில் நீர்ச்சாவு என்றதும் நினைவுகூரப்படுவது, 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்த துயரம். இக்கட்டுரை அதனைப் பற்றியதன்று. வீட்டுக்குள் வாளி நீரில் மூழ்கும் ஒரு வயதுக் குழந்தையைப் பற்றியது. பச்சிளங்குழந்தையின் பெற்றோருக்குப் பொதுச் சுகாதாரத் துறை அளித்துவந்த கல்வியில் இவ்விடர் ஏன் பின்தங்கியே நின்றது என்பதே இங்கு எழுப்பப்படும் வினா.

பதிவேடும் கண்டமும்

காலனிய ஆட்சிக்காலச் சுகாதார ஆண்டறிக்கைகள் இறப்புகளைக் காலரா, பெரியம்மை, காய்ச்சல், வயிற்று நோய்கள், காயங்கள், பிற காரணங்கள் எனப் பகுத்தன. தற்கொலை, பாம்புக்கடி, விபத்து ஆகிய மூன்றும் ‘காயங்கள்’ என்னும் தலைப்பிலேயே அடங்கின. கிராம முன்சீப்பின் ஏட்டிலிருந்து மேலெழுந்து சென்ற கூட்டுத்தொகையில், தொட்டியில் விழுந்த குழந்தை தனித்துத் தெரிய வழியில்லை. இன்றைய நிலையும் பெரிதும் வேறுபட்டதன்று. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் விபத்து மரண அறிக்கை, நீர்ச்சாவைப் படகு கவிழ்தல், நீர்நிலையில் தவறி விழுதல், பிற எனப் பிரிக்கிறது. வயதைப் பொறுத்தவரை 14-க்குக் கீழ்ப்பட்டோர் அனைவரும் ஒரே தொகுதி. ஏரியில் நீந்தப்போன பதின்மூன்று வயதுச் சிறுவனும், வாளியில் தலைகுப்புற விழுந்த பதினொரு மாதக் குழந்தையும் ஒரே கட்டத்தில் எண்ணப்படுகின்றனர். இவ்விரு சாவுகளையும் தடுக்கும் முறைகளோ முற்றிலும் வேறு.

எண்ணப்படாத சாவுக்கு மக்கள் வழக்கில் ஒரு விளக்கம் ஆயத்தமாக இருந்தது: ‘தண்ணியில கண்டம்’. இதனை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் சாதகம் பார்த்துச் சொல்லப்பட்ட கண்டம் ஓர் எச்சரிக்கையாகவும் செயல்பட்டது. அத்தகைய குழந்தையைக் கிணற்றடிக்கு விடாமல் வளர்த்தனர். குறை என்னவெனில், கண்டம் சொல்லப்படாத குழந்தைக்கு அக்காவல் கிட்டவில்லை. சாவு நேர்ந்தபின் அச்சொல் விதியாகச் சுருங்கி, காரணத்தை ஆராயும் தேவையையே நீக்கிவிட்டது.

நோயாகக் கண்ட நீர்

1939ஆம் ஆண்டுச் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் மகப்பேறு, குழந்தை நலப் பணிகளை உள்ளாட்சி அமைப்புகளின் பொறுப்பாக்கியது. அதே சட்டம் குடிநீரின் தூய்மையையும் விரிவாகப் பேசியது. அன்று தொடங்கி, சுகாதாரத் துறையின் பார்வையில் நீர் என்பது பெரும்பாலும் நோயைச் சுமந்துவரும் ஊடகமாகவே இருந்துள்ளது: காலரா, நரம்புச்சிலந்தி, பின்னர் டெங்கு. கொள்ளைநோய்கள் கண்ட நாட்டில் இம்முன்னுரிமை இயல்பானதே, அதனைக் குறைகூறுவதற்கில்லை. எனினும் கைகழுவக் கற்பித்த அதே வருகையில், கழுவிய வாளியைக் கவிழ்த்து வைக்கவும் கற்பித்திருக்கலாம். ஆழ்துளைக் கிணறுகளைப் பொறுத்தவரை 2010-இல் உச்ச நீதிமன்றமே வழிகாட்டு நெறிகளை வகுத்தது. மீட்புப் பணி நாட்கணக்கில் நீள்வதால் அவ்விபத்து செய்தியாகிறது. வாளி விபத்து சில நிமிடங்களில் ஓசையின்றி முடிந்துவிடுகிறது.

ஓசையின்மைக்கு உடற்கூறே காரணம். இவ்வயதில் தலை உடலின் பிற பகுதிகளைவிட ஒப்பளவில் கனமானது. வாளியின் விளிம்பைப் பற்றி எழுந்து உள்ளே எட்டிப் பார்க்கும் குழந்தை தலைகீழாகச் சரிந்தால், தன்னை நிமிர்த்திக்கொள்ளும் வலிமை கைகளுக்கு இல்லை. ஐந்து சென்டிமீட்டர் நீரே மூச்சை நிறுத்தப் போதுமானது. மீட்கப்பட்ட குழந்தையைத் தலைகீழாகப் பிடித்து உதறுவதும் வயிற்றை அமுக்குவதும் பயன் தருவதில்லை. மூச்சில்லாத குழந்தைக்கு உடனே வாய்வழி மூச்சூட்டுவதே வேண்டியது.

மாதக்கணக்கு

பெற்றோருக்கு இதனை எப்போது சொல்வது? பிறந்த குழந்தைக்கான வீடுசார் பராமரிப்புத் திட்டம் (2011) 42 நாள்களில் முடிவடைகிறது. தூளியில் கிடக்கும் குழந்தையின் தாய்க்கு வாளியைப் பற்றிய எச்சரிக்கை அப்போது தொலைவானதாகவே படும். 2018-இல் வந்த இளங்குழந்தைப் பராமரிப்புத் திட்டம் 3, 6, 9, 12, 15ஆம் மாதங்களில் வீட்டு வருகைகளை வகுத்தது. பாட்டியல் மரபு பிள்ளைத்தமிழ்ப் பருவங்களை மூன்றாம் மாதக் காப்பு, ஐந்தாம் மாதச் செங்கீரை, ஒன்பதாம் மாதச் சப்பாணி, பதின்மூன்றாம் மாத வருகை என ஒற்றைப்படை மாதங்களில் அமைப்பதை இதனருகில் வைத்துப் பார்க்கலாம். இரண்டுமே குழந்தையின் அசைவைக் கொண்டு காலத்தை அளக்கின்றன. காப்புப் பருவம் தெய்வங்களிடம் காவல் வேண்டுவது. குழந்தை தானே நகரும் பருவங்களோ பின்னரே வருகின்றன. நீர்க்காப்புக் கல்வி முதலில் பேற்று மனையிலும், மீண்டும் ஒன்பதாம் மாத வருகையிலும் சொல்லப்பட வேண்டும் என்பதற்கு இவ்வரிசையே போதிய சான்று.

சொல்லுவதால் மட்டும் சாவு குறையுமா என்பது வேறு வினா. வங்கதேச ஊர்ப்புறங்களில் ‘ஆஞ்சல்’ எனப்படும் காப்பகங்கள், தாய்மார் வேலையில் மூழ்கும் முற்பகல் நேரத்தில் ஒன்று முதல் ஐந்து வயதுவரையுள்ள குழந்தைகளைப் பார்த்துக்கொண்டன. அவற்றில் சேர்ந்த குழந்தைகளின் நீர்ச்சாவு ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு குறைந்ததாக 2012-இல் வெளியான ஆய்வு காட்டியது. தமிழக அங்கன்வாடியின் முன்பருவக் கல்வி இரண்டு வயது நிறைந்த குழந்தைக்கே தொடங்குகிறது; தவழத் தொடங்கும் காலத்துக்கும் அதற்கும் இடையே ஓராண்டுக்கு மேற்பட்ட இடைவெளி உண்டு. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 48ஆம் பிரிவு, முப்பதுக்கு மேற்பட்ட பெண்கள் பணிபுரியும் தொழிற்சாலைகளில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் கோரியது. தொழிற்பேட்டையைச் சுற்றிய வாடகை அறைகளில் கணவன் மட்டும் ஆலைக்குச் செல்லும் குடும்பத்துக்கு அப்பிரிவால் பயனில்லை.

அவ்வறைகளில் குழாய்நீர் நேரம் பார்த்து வருவதால், பீப்பாயும் வாளியும் எப்போதும் நிறைந்தே நிற்கும். ஒடிசா, பீகார், வங்கம் ஆகிய பகுதிகளிலிருந்து வந்த தாய்மார்க்குத் தமிழில் அச்சிட்ட துண்டறிக்கை உதவாது. எல்லை ஊரில் தெலுங்கு பேசுவோரும் உளர். ஆனால் டெங்குத் தடுப்புப் பணியாளர் ஏற்கெனவே வீடுவீடாகச் சென்று நீர்க்கலன்கள் மூடப்பட்டுள்ளனவா என்று பார்த்துவருகிறார். கொசுவைத் தடுக்கும் இறுக்கமான மூடி குழந்தையையும் தடுக்கும். அவரது குறிப்பேட்டில், அவ்வீட்டில் தவழும் குழந்தை உண்டா என்பதற்கும் ஒரு கட்டம் சேர்க்கலாம்.