ஒளிந்திருக்கும் எழுவாய்

இரண்டு ஆங்கில வாக்கியங்கள்: "ஜான் இஸ் ஈகர் டு ப்ளீஸ்", "ஜான் இஸ் ஈசி டு ப்ளீஸ்". பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். முதலாவதில், பிறரை மகிழ்விக்கத் துடிப்பவன் ஜான். இரண்டாவதில், ஜானை மகிழ்விப்பது சுலபம். மகிழ்விப்பவர் யாரென்ற பேச்சே இல்லை. 'டு' போட்ட வினைக்கு எழுவாயை நாமே தேடிக்கொள்ள வேண்டும். 1960களில் இந்த ஜோடியைப் பிரபலமாக்கியவர் நோம் சாம்ஸ்கி.

பிள்ளைகளுக்கு இது எந்த வயதில் பிடிபடுகிறது என்று பார்க்கப் புறப்பட்டவர் அவர் மனைவி கரோல் சாம்ஸ்கி. அதுவரை, ஐந்து வயதுக்குள் தாய்மொழி இலக்கணம் ஏறக்குறைய முடிந்துவிடும் என்றே பலரும் நினைத்திருந்தார்கள். அந்த அம்மாள் 5 முதல் 10 வயது வரையுள்ள 40 பிள்ளைகளை அழைத்து, கண்ணைக் கட்டிய ஒரு பொம்மையை முன்னால் வைத்தார். "இந்தப் பொம்மை ஈசி டு சீயா, ஹார்டு டு சீயா?" பொம்மை எதிரிலேயே இருக்கிறது, பார்ப்பவர் நாம். ஆனால் சின்னவர்கள் பலர் 'ஹார்டு' என்றார்கள். ஈசியாக்கச் சொன்னால் கண்கட்டை அவிழ்த்தார்கள்! 1969இல் இது புத்தகமாக வந்தது.

கண்கட்டுதான் பிள்ளைகளைக் குழப்பியது என்று சிலர் குறை சொன்னார்கள், அதிலும் நியாயம் உண்டு. ஆனால் 1970இல் ரிச்சர்ட் க்ரோமர் ஓநாய், வாத்துப் பொம்மைகளை வைத்துச் சோதித்தார். "தி உல்ஃப் இஸ் ஈசி டு பைட்" என்றால் கடிபடுவது ஓநாய். சின்னவர்களோ ஓநாயையே கடிக்க வைத்தார்கள்.

'ப்ராமிஸ்' இன்னும் பொல்லாதது. டெல், ஆர்டர், பெர்மிட் எல்லாவற்றிலும் 'டு'வுக்குப் பக்கத்தில் நிற்பவர்தான் காரியத்தைச் செய்வார். ப்ராமிஸில் மட்டும் வாக்குக் கொடுத்தவரே செய்ய வேண்டும். போசோ என்ற பொம்மை டொனால்டிடம் குட்டிக்கரணம் போடுவதாக ப்ராமிஸ் செய்தால், சில பிள்ளைகள் டொனால்டைப் போட வைத்தார்கள். இப்படித் தவறிய எத்தனை பிள்ளைகளை நம் காலத்து வாத்தியார்கள் மக்கு என்று காதைத் திருகியிருப்பார்கள்!

பிரெஞ்சில் படித்த எங்களுக்கும் இதே கண்ணாமூச்சி உண்டு. "இல் மா ப்ரொமி த வெனீர்" என்றால் வருபவர் அவர். "இல் மா பெர்மி த வெனீர்" என்றால் வருபவன் நான். காதில் விழுவதோ இம்மியளவு வித்தியாசம். தமிழில் வினையே உருமாறிக் காட்டிக்கொடுத்துவிடுகிறது: வருவதாக வாக்களித்தார், வர அனுமதித்தார்.