ஒரே கோயில், இரண்டு தீர்த்தத் தொட்டிகள்

மார்ட்டின் லூதர் பற்றிய என் பதிவைப் படித்துவிட்டுப் பழைய மாணவர் ஒருவர் உட்பெட்டியில் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். “ஐயா, மாதா கோயில் வாசலில் ஒரு தொட்டியில் தண்ணீர் வைத்திருக்கிறார்களே, அது எதற்கு? சி.எஸ்.ஐ. கோயிலில் ஏன் அது இல்லை?” நல்ல கேள்வி. ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம்தான். ஆனால் அந்தத் தொட்டிக்குள் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு வரலாறு கிடக்கிறது. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பொருள். கத்தோலிக்கர் கோயிலுக்குள் நுழையும்போது அந்தத் தண்ணீரில் விரல் நனைத்து, நெற்றி, நெஞ்சு, தோள்களைத் தொட்டுச் சிலுவை அடையாளம் போடுவார்கள். தாங்கள் பெற்ற திருமுழுக்கை, அதாவது ஞானஸ்நானத்தை, நினைவுபடுத்திக்கொள்வதுதான் இதன் கருத்து. திருச்சபையின் ஏழு அருளடையாளங்களில் இது ஒன்றல்ல. குருவானவர் செபித்து ஆசீர்வதித்த தண்ணீர், அவ்வளவே. தண்ணீருக்கே தனியாக ஒரு சக்தி உண்டு என்று திருச்சபை போதிக்கவில்லை. தொடுகிறவரின் நம்பிக்கையும் செபமும்தான் முக்கியம்.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது? யூதர்களின் ஆலயப் பணியில் குருக்கள் கை கால் கழுவுவதற்கு வெண்கலத் தொட்டி வைக்க வேண்டும் என்று யாத்திராகமத்திலேயே இருக்கிறது. இயேசு யோர்தான் ஆற்றில் திருமுழுக்குப் பெற்றார். ஆதிக் கிறித்தவர்களின் ‘திதாக்கே’ என்னும் சிறு கையேடு, ஓடுகிற நீரில் திருமுழுக்குக் கொடுங்கள், அது கிடைக்காவிட்டால் வேறு நீரில் கொடுங்கள், அதுவும் போதாவிட்டால் தலையில் மூன்று முறை ஊற்றுங்கள் என்கிறது. எவ்வளவு நடைமுறை அறிவு பாருங்கள்!

நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீர் நகரில் கட்டப்பட்ட பெரிய தேவாலயத்தைப் பற்றி வரலாற்றாசிரியர் யூசேபியு எழுதியிருக்கிறார். உள்ளே போகிறவர்கள் கழுவிக்கொள்ள முற்றத்தில் நீரூற்றுகள் இருந்தனவாம். இன்றைய வாசல் தொட்டியின் மூதாதை அந்த நீரூற்றுதான் என்று சொல்வார்கள். கை கால் கழுவியது, காலப்போக்கில் விரல் நுனியை நனைப்பதாகச் சுருங்கிவிட்டது.

தண்ணீரை வீட்டுக்கு எடுத்துப்போவதும் பழைய பழக்கமே. 387-ஆம் ஆண்டு அந்தியோக்கியாவில் யோவான் கிறிசோஸ்தோம் ஆற்றிய பிரசங்கம் ஒன்று கிடைத்திருக்கிறது. இயேசுவின் திருமுழுக்குத் திருநாளன்று நள்ளிரவில் மக்கள் தண்ணீர் மொண்டு வீட்டுக்குக் கொண்டுபோய் ஆண்டு முழுவதும் வைத்திருப்பதை அதில் அவர் குறிப்பிடுகிறார். எத்தியோப்பியாவில் ஜனவரி 19 அன்று கொண்டாடும் ‘திம்கத்’ திருவிழாவில் இன்றும் குளத்து நீரை ஆசீர்வதித்துக் கூட்டத்தின் மேல் தெளிக்கிறார்கள்.

மேற்கே, 601-இல் போப் முதலாம் கிரகோரி இங்கிலாந்துக்கு அனுப்பிய கடிதம் ஒன்று புகழ்பெற்றது. பழைய மதத்தாரின் கோயில்களை இடிக்க வேண்டாம், சிலைகளை மட்டும் அகற்றிவிட்டுத் தீர்த்தம் தெளித்து அங்கேயே பீடம் அமையுங்கள் என்று அதில் எழுதினார். 9-ஆம் நூற்றாண்டில் பிரான்சின் ரைம்ஸ் நகரப் பேராயர் ஹின்க்மார் தம் குருக்களுக்கு ஒரு கட்டளை போட்டார். ஞாயிறுதோறும் தண்ணீரை ஆசீர்வதித்து மக்கள்மேல் தெளிக்க வேண்டும், விரும்புகிறவர்கள் அதைப் பாத்திரத்தில் எடுத்துப்போய் வீடு, வயல், திராட்சைத் தோட்டம், கால்நடை, தீவனம் எல்லாவற்றின்மேலும் தெளித்துக்கொள்ளலாம் என்பது அந்தக் கட்டளை. தண்ணீரில் உப்புச் சேர்க்கும் வழக்கமும் உண்டு. எலிசா தீர்க்கதரிசி எரிகோவின் கெட்ட நீரூற்றில் உப்புப் போட்டுச் சரிசெய்த கதையின் நினைவு அது.

இங்கேதான் கவனிக்க வேண்டும். இடைக்கால ஐரோப்பாவில் பூசை லத்தீன் மொழியில் நடந்தது. குடியானவனுக்கு ஒரு சொல் புரியாது. 13-ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு பெரும்பாலான இடங்களில் திராட்சை ரசக் கிண்ணமும் குருவுக்கு மட்டும் என்றாகிவிட்டது. அந்த நிலையில் ஏழை தன் கையால் தொடக்கூடியது, தன் வீட்டுக்கு எடுத்துப்போகக்கூடியது இந்தத் தண்ணீர்தான். காசு பணம் வேண்டாம், படிப்பு வேண்டாம். மாட்டுக்கு நோய் வந்தாலும் மனிதனுக்கு நோய் வந்தாலும் முதலில் அதைத்தான் தேடினான். இதில் மூடநம்பிக்கையும் புகுந்தது உண்மை. திருமுழுக்குத் தொட்டியின் நீரைச் சூனியக்காரர்கள் எடுத்துவிடாதபடி மூடி போட்டுப் பூட்டி வைக்கும்படி 1236-இல் கேன்டர்பரிப் பேராயர் உத்தரவிட்டிருக்கிறார் என்றால் பாருங்கள்.

16-ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதிகள் இதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். வேதத்தில் கட்டளை இல்லாத ஒன்று, மக்களை மந்திரத் தந்திரத்தில் தள்ளுகிறது என்றார்கள். இங்கிலாந்தில் ஆறாம் எட்வர்டு காலத்தில் அது விலக்கப்பட்டது. சி.எஸ்.ஐ. கோயில் வாசலில் தொட்டி இல்லாததற்குக் காரணம் இந்த மரபுதான்.

ஆனால் அது சும்மா நடந்துவிடவில்லை. 1549 ஜூனில் ஆங்கிலத்தில் புதிய செபப் புத்தகம் கட்டாயமானது. மறுநாளே டெவன் பகுதியின் சாம்போர்டு கோர்ட்னி என்னும் சிற்றூர் மக்கள் பழைய பூசையையே நடத்த வேண்டும் என்று தங்கள் குருவை வற்புறுத்தினார்கள். கார்ன்வாலும் சேர்ந்துகொண்டது. எக்சிடர் நகரத்தை ஐந்து வாரம் முற்றுகையிட்டார்கள். அவர்கள் எழுதிய கோரிக்கைப் பட்டியலில், ஞாயிறுதோறும் ஆசீர்வதித்த அப்பமும் தீர்த்தமும் வேண்டும் என்பதும் ஒன்று. அரசுப் படை கிளர்ச்சியை அடக்கியபோது ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். தண்ணீருக்காகவா செத்தார்கள் என்று சிரித்துவிடாதீர்கள். தங்களுக்கென்று இருந்த ஒன்றைக் கேட்காமலே பிடுங்கிவிட்டார்கள் என்ற கோபம் அது.

பிடுங்கப்பட்டவர்களின் கதை இது என்றால், தொடவே விடப்படாதவர்களின் கதை இன்னொன்று உண்டு. நான் இன்று முக்கியமாகச் சொல்ல வந்தது அதைத்தான்.

பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவே பைரனீஸ் மலை இருக்கிறது. அதன் இரு பக்கமும் ‘ககோ’ என்ற மக்கள் வாழ்ந்தார்கள். ஸ்பெயினின் நவாரா பகுதியில் ‘அகோத்’ என்பார்கள். மற்றவர்கள் பேசிய மொழியைத்தான் அவர்களும் பேசினார்கள். அதே கத்தோலிக்க மதம், அதே முகம், அதே நிறம். ஆனாலும் ஊருக்கு வெளியே தனிக் குடியிருப்பு. தச்சு வேலை போன்ற சில தொழில்களே அனுமதி. மற்றவர்களோடு பெண் கொடுத்துப் பெண் எடுக்க முடியாது. பல இடங்களில் உடையில் வாத்தின் கால் வடிவில் சிவப்புத் துணி தைத்துக்கொள்ள வேண்டும். தொழுநோயாளிகளின் வம்சம் என்றார்கள், கோத் இனத்தின் மிச்சம் என்றார்கள். காரணம் மாறிக்கொண்டே இருந்தது, ஒதுக்கல் மட்டும் மாறவில்லை.

தேவாலயத்தில் அவர்களுக்குத் தனியாகச் சிறிய கதவு, பின்னால் தனி இடம், தனித் தீர்த்தத் தொட்டி. சில ஊர்களில் ஒரு குச்சியின் நுனியில் தீர்த்தத்தை நனைத்து நீட்டுவார்கள். பைரனீஸில் செயின்ட் சாவின் என்ற ஊர்த் தேவாலயத்தில் ‘ககோக்களின் தொட்டி’ என்று சொல்லப்படும் கல் தொட்டி இன்றும் இருக்கிறது. அந்தக் கோயில்களின் கூரைக்கு உத்தரம் இழைத்துக் கொடுத்த தச்சர்களும் பெரும்பாலும் இவர்களே!

ஆங்கில எழுத்தாளர் எலிசபெத் காஸ்கெல் 1855-இல் டிக்கன்சின் வார இதழில் இவர்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் ஒரு சம்பவம் வருகிறது. வசதி படைத்த ககோ ஒருவர் மற்றவர்களின் தொட்டியில் விரல் நனைப்பதைப் பார்த்த பழைய படைவீரன் ஒருவன் காத்திருந்து, அவர் கையை வெட்டிக் கோயில் கதவில் ஆணி அடித்து மாட்டினானாம்.

அவர்கள் வாய் மூடி இருக்கவில்லை. நவாராவின் அகோத் மக்கள் போப் பத்தாம் லியோவுக்கே விண்ணப்பம் அனுப்பினார்கள். மற்ற விசுவாசிகளைப் போலவே இவர்களையும் நடத்த வேண்டும் என்று 1515-இல் ஆணை வந்தது. உள்ளூரில் அது எளிதில் அமலாகவில்லை. வழக்கு மேல் வழக்கு. 1600-இல் துலூஸ் நகர மருத்துவர்கள் ககோக்களைப் பரிசோதித்து, நோய் ஒன்றும் இல்லை என்றார்கள். அதையும் ஊர் கேட்கவில்லை. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகுதான் நிலைமை மெல்ல மாறியது.

யோசித்துப் பாருங்கள். அந்தத் தண்ணீரின் பொருள் என்ன? ‘நீயும் திருமுழுக்குப் பெற்றவன், நானும் பெற்றவன்’ என்பது. அதற்கு இரண்டு தொட்டி வைத்த கணமே அந்தப் பொருள் போய்விட்டது. மிச்சம் இருந்தது வெறும் தண்ணீர்.

இது எங்கோ ஐரோப்பாவில் நடந்தது என்று நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. நம் நெல்லைச் சீமையின் வடக்கன்குளம் தேவாலயத்தில் சாதிக்கொரு பக்கம் என்று பிரித்து வைத்திருந்த தடுப்பு 1910-இல்தான் இடிக்கப்பட்டது. தேநீர்க் கடையின் இரட்டைக் குவளையை நம்மில் பலர் கண்ணாலேயே பார்த்திருக்கிறோம். எந்த மதமானாலும் சரி, எல்லாருக்கும் பொது என்று வைத்த ஒன்றில் முதலில் கோடு கிழிக்கிறவன் மனிதன்தான்.

பைரனீஸ் பக்கம் போகும் வாய்ப்பு யாருக்காவது கிடைத்தால், அந்தக் கல் தொட்டியைப் பார்த்துவிட்டு வாருங்கள். பிள்ளைகளையும் அழைத்துப்போய்க் காட்டுங்கள். பாடப்புத்தகத்தில் ஒரு பக்கம் படிப்பதைவிட அது அவர்கள் மனதில் நிற்கும்.