சிரிப்பு எந்தப் பக்கம்?

மண்டைதீவிலிருந்து பண்ணைப் பாலத்தின் வழியே யாழ்நகருக்குத் துவிச்சக்கர வண்டியில் செல்பவரைக் கண்டு இன்று எவரும் நகைப்பதில்லை. அது உழைப்பாளியின் உற்ற துணையாகிவிட்டது. ஆயினும், அவ்வண்டி பிறந்த காலத்தில் இலண்டன் நகரமே அதனைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பின் சரித்திரம் நமக்கும் பயன்படக்கூடியது.

ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் 1817 ஜூன் 12-ஆம் நாள், கார்ல் டிரைஸ் என்பவர் மரச்சட்டத்தில் இரு சக்கரங்களைப் பொருத்தி ஓட்டிக்காட்டினார். மிதிகட்டை கிடையாது, காலால் நிலத்தை உந்தியே செல்லவேண்டும். மறு ஆண்டு இலண்டனில் டெனிஸ் ஜோன்சன் அதனைத் திருத்தியமைத்துக் காப்புரிமை பெற்றார். விலை சுமார் 8 பவுன். கூலியாளுக்கு எட்டாத விலை. ஆகவே அது பகட்டுப் பிரபுக்களின் விளையாட்டுப் பொருளாயிற்று.

1819-இல் இவ்வண்டியைப் பற்றிக் கேலிச்சித்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டுக் கையால் வர்ணம் தீட்டிய படங்கள் அவை. வாங்க வசதியற்றோர் கடைச் சாளரங்களின்முன் கூடிநின்று பார்த்துச் சிரித்தனர். சித்தம் கலங்கிய மன்னர் மூன்றாம் ஜோர்ஜைப் பராமரிப்பதற்கென அவர் மகன் யோர்க் கோமகனுக்கு ஆண்டுக்கு 10,000 பவுன் வழங்கப் பாராளுமன்றம் இசைந்தது. பெற்ற தந்தையைப் பார்ப்பதற்கும் கூலியா? அந்தப் பணத்துக்காகக் கோமகன் புதிய வண்டியிலேறி வின்ஸருக்கு விரைவதாக ஓவியர் வரைந்தனர். அரசப் பிரதிநிதியான இளவரசரும் தப்பவில்லை. ஜோர்ஜ் குரூக்ஷாங் அவரை வண்டியின்மேல் குப்புறக் கிடத்தி, அவர் முதுகில் அவருடைய அன்புக்குரிய சீமாட்டியை ஏற்றிவைத்தார்.

அதே ஆண்டு ஓகஸ்ட் 16-ஆம் நாள், மான்செஸ்டரில் பாராளுமன்றச் சீர்திருத்தம் கோரித் திரண்ட மக்கள்மீது குதிரைப்படை பாய்ந்தது. பதினைந்து பேருக்குக் குறையாமல் மாண்டனர். 1820-இல் அரியணை ஏறிய அந்த இளவரசரைத் தகாத கோலத்தில் வரையாதிருப்பதற்காகக் குரூக்ஷாங்குக்கு 100 பவுன் கொடுக்கப்பட்டது. வாளேந்திய ஆட்சி தாளுக்கு அஞ்சியது!

பின்னர் காலம் மாறியது. 1885-இல் சங்கிலி பூட்டிய நவீன வண்டியும், 1888-இல் காற்றடைத்த டயரும் வந்தன. நாளடைவில் விலை இறங்கியது. பெண்களும் ஏறி ஓட்டலாயினர். உடனே சிரிப்பின் திசையும் திரும்பியது. 1890-களில் 'பஞ்ச்' முதலிய ஏடுகள் காற்சட்டை அணிந்து வண்டியோட்டும் பெண்ணை எள்ளி நகையாடின. பெண்களுக்குப் பட்டம் வழங்குவதை எதிர்த்த கேம்பிரிட்ஜ் மாணவர்கள், 1897 மே 21-ஆம் நாள், வண்டியோட்டும் பெண்ணின் உருவபொம்மையைத் தெருவுக்கு மேலே தொங்கவிட்டனர். அங்கே பெண்கள் முழுமையான பட்டம் பெற 1948 வரை காத்திருக்க நேர்ந்தது.

இது வெள்ளையர் நாட்டுக் கதை மட்டுமா? 1990-களின் தொடக்கத்தில், தமிழகத்துப் புதுக்கோட்டையில், அறிவொளி இயக்கத்தின் வழியாகக் கிராமப் பெண்கள் பல்லாயிரவர் சைக்கிள் பழகினர். அவர்களை நோக்கியும் ஏளனச் சொற்கள் பறந்தன. இங்கு ஓவியர் தேவைப்படவில்லை, நாவே போதுமானதாயிருந்தது. ஆனால் அப்பெண்கள் வண்டியை விட்டு இறங்கவில்லை.

1990-இல் போர் மண்டைதீவு மக்களை ஊரைவிட்டு விரட்டியது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமமே இடம்பெயர்ந்தபோது, மூட்டைகளையும் முதியோரையும் சுமந்தவற்றுள் முதன்மையானது இந்த வண்டி. பிரபுவின் விளையாட்டுப் பொருள் ஏழையின் கடைசி உடைமையாக மாறிய கதை இது.

மேலே அமர்ந்திருப்பவனை நோக்கி எழும் சிரிப்பு ஓர் ஆயுதம். மேலேற முயல்பவளை நோக்கி எழும் சிரிப்பு ஒரு விலங்கு. வகுப்பறையில் ஒரு கேலிச்சித்திரத்தை விரிக்கும் ஆசிரியரும், அதனைப் பார்க்கும் மாணவரும் முதலில் கேட்கவேண்டியது இதுதான்: இதில் யார் சிரிக்கிறார்? யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்?