ரேடியோ வான சாஸ்திரச் செய்முறைப் பயிற்சி: பெங்களூர்

விண்ணிலிருந்து வரும் ரேடியோ அலைகளைத் தாமே பொருத்திய ஏரியலால் வாங்கி அளக்கும்படி பல்கலைக்கழக மாணவர்களைப் பழக்கும் இக்கல்வி பெங்களூரில் வேரூன்றியது, சர் சி. வி. ராமன் 1948-ல் ஸ்தாபித்த ஆராய்ச்சி நிலையத்தின் பொறுப்பை, அவர் மறைந்து இரண்டாண்டுகளுக்குப் பின், 1972-ல் அவருடைய குமாரர் வெ. ராதாகிருஷ்ணன் ஏற்ற காலத்திலாகும். ஆஸ்திரேலியாவில் பல்சார்களை ஆராய்ந்து புகழ்பெற்றிருந்த அவர், இலகு விமானங்களையும் தம் கையாலேயே அமைத்துப் பார்த்த பிரகிருதி. சாதனத்தைக் கழற்றிப் பூட்டத் தெரிந்தவனுக்கே அது தரும் எண்ணின் யோக்கியதை விளங்கும் என்பது இத்துறையில் முற்றிலும் மெய்.

நகருக்கு வடக்கே சுமார் 80 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கௌரிபிதனூரில், ராமன் நிலையமும் இந்திய வானியற்பியல் நிலையமும் சேர்ந்து 1970-களில் எழுப்பிய, 'டி' எழுத்து வடிவில் 1,000 இருமுனை ஏரியல்கள் பரந்து கிடந்த, 34.5 மெகாஹெர்ட்ஸ் தொலைநோக்கி, பல ஆராய்ச்சி மாணவர்களுக்குப் பாடசாலையாயிற்று. 1982-ல் இந்திய விஞ்ஞானக் கழகத்தை மையமாகக் கொண்டு தொடங்கிய கூட்டு வானியல் திட்டம் அம்மாணவர்களை முறையாகப் பயிற்றுவித்தது.

பயிற்சியின் உயிர்நாடி இரைச்சலைப் புரிந்துகொள்வதே. அலுமினியத் தகட்டை மடித்து, நாதஸ்வரத்தின் அணசு போல வாய் விரிந்த கொம்பு ஏரியலை வான் நோக்கி வைத்தால் திரையிலுள்ள கோடு தாழ்ந்து நிற்கிறது; தரையை நோக்கித் திருப்பினால், தரை ஏறத்தாழ 300 கெல்வின் உஷ்ணமுடையதாகையால், சட்டென உயர்கிறது; வாயின் குறுக்கே ஒருவர் நின்றாலும் அவர் தேகத்தின் உஷ்ணமே கோட்டை மேலே தள்ளிவிடுகிறது! இவ்வித்தியாசத்தைக் கொண்டு கருவியின் சொந்த இரைச்சலை மாணவர் கணித்தறிகின்றனர். அதன் பிறகே, 1951-ல் ஈவனும் பர்செலும் ஹார்வர்டில் இத்தகைய கொம்பு ஏரியலைக் கொண்டு முதன்முதலில் கண்ட ஹைட்ரஜனின் 21 சென்டிமீட்டர் அலையை, 1420.4 மெகாஹெர்ட்ஸ் அருகே ஒரு சிறு மேடாகத் தாமும் காண்கின்றனர். அம்மேடு விலகி நிற்கும் அளவிலிருந்து வாயு மேகங்களின் வேகமும் கிடைக்கிறது.

நகரத்தின் கைபேசிக் கோபுரங்களும் பிற மின்சாதனங்களும் எழுப்பும் குறுக்கீட்டினால், நீண்ட அலைகளை அளக்கக் கௌரிபிதனூருக்கே செல்ல வேண்டியிருக்கிறது. அண்மைக் காலத்தில் அவினாஷ் தேஷ்பாண்டே முன்னின்ற 'ஸ்வான்' என்னும் ஏரியல் வலைத் திட்டத்தில் கல்லூரி மாணவர்களும் பங்கேற்றனர். அத்தகைய வெட்டவெளியில் ஒரே ஓர் இருமுனை ஏரியலை நட்டு இரவு பகலாகப் பதிவு செய்தாலும், நமது பால்வீதி உச்சிக்கு வருந்தோறும் கோடு எழும்பி, அவ்வெழுச்சி நாள்தோறும் 4 நிமிஷம் முந்தி நிகழ்வதை, 1930-களில் ஜான்ஸ்கி கண்டபடியே, மாணவர் தம் ஏட்டில் குறித்துக்கொள்ளலாம்.