ஆக்கொம் வசூலித்த 12,000 பவுண்டு

யேல் பல்கலைக்கழகத்துக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று நம்ம வரலாற்றுத் துறை மாணவர்களைக் கேட்டால் உடனே சொல்லிவிடுவார்கள். சென்னையில் கவர்னராக இருந்த எலிஹு யேல் 1718ல் அனுப்பிய ஒன்பது பொதி சரக்கை விற்று, 562 பவுண்டு கிடைத்தது. கல்லூரிக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். அதே யேலில் 1733ல் பட்டம் பெற்ற எலியாசர் வீலாக் என்ற பாதிரியாருக்காக நடந்த இன்னொரு வசூலைப் பற்றி நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். சங்கத்தின் உதவித்தொகை நிதிக்கு ரசீதுப் புத்தகத்தோடு அலைகிற இந்த வேளையில் அதைச் சொல்லத் தோன்றியது.

நாம் பள்ளிக்கூடத்தில் ‘செவ்விந்தியர்’ என்று படித்தோமே, அந்த அமெரிக்கப் பூர்வகுடிகளில் மொஹீகன் என்பது ஓர் இனம். அதில் 1723ல் பிறந்தவர் சாம்சன் ஆக்கொம். இருபது வயதில் வீலாக்கிடம் போய் எழுதப் படிக்கக் கற்றார். கண் கெட்டுப்போகும் அளவுக்குப் படித்தார். பிறகு லாங் ஐலண்டில் மான்டாக் மக்களுக்கு ஆசிரியராகவும் போதகராகவும் இருந்தார். வெள்ளைக்காரப் பாதிரிகளுக்குக் கொடுத்ததில் ஒரு பங்குதான் அவருக்குச் சம்பளம். மரக்கரண்டி செதுக்கியும், புத்தகம் பைண்டு செய்தும், மீன் பிடித்தும் குடும்பத்தைக் காப்பாற்றினார்.

இவர் படித்து வந்ததைப் பார்த்துத்தான் 1754ல் வீலாக் பூர்வகுடிப் பிள்ளைகளுக்கென்றே ஒரு தர்மப் பள்ளிக்கூடம் தொடங்கினார். பணம் வேண்டுமே! 1765 கடைசியில் ஆக்கொமையும், துணைக்கு விட்டேக்கர் என்ற பாதிரியையும் இங்கிலாந்துக்குக் கப்பலேற்றினார். ‘உன் பெண்டாட்டி பிள்ளைகளை நான் பார்த்துக்கறேன், நீ போய் வா’ என்று வாக்கும் கொடுத்தார்.

இரண்டரை வருஷம். ஊர் ஊராக முந்நூறுக்கும் மேற்பட்ட பிரசங்கங்கள். ஒரு பூர்வகுடிப் போதகரைப் பார்க்கவே கூட்டம் கூடியது. மூன்றாம் ஜார்ஜ் மன்னர் தன் பங்காக 200 பவுண்டு கொடுத்தார். மொத்தம் சுமார் 12,000 பவுண்டு சேர்ந்தது. அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய தொகை என்பதற்கு மேலே சொன்ன 562 பவுண்டை நினைத்துப் பாருங்கள். பணத்தைக் காக்க அமைத்த அறக்கட்டளைக்குத் தலைவர் டார்ட்மத் பிரபு.

1768ல் ஊர் திரும்பினால் மனைவியும் பிள்ளைகளும் வறுமையில் கிடக்கிறார்கள். வீலாக்கோ பள்ளியைக் கனெக்டிகட்டிலிருந்து நியூ ஹாம்ப்ஷையருக்கு மாற்றும் வேலையில் மும்முரமாக இருந்தார். 1769 டிசம்பரில் டார்ட்மத் கல்லூரிக்குச் சாசனம் கிடைத்தது. பூர்வகுடி இளைஞர்களின் கல்விக்காக என்றுதான் அதில் முதலில் எழுதியிருக்கிறது. ஆங்கிலேய இளைஞர்கள் அப்புறம்தான் வருகிறார்கள். நடைமுறையில் வெள்ளைக்காரக் குடியேறிகளின் பிள்ளைகளே வகுப்பை நிறைத்தார்கள். 1771ல் ஆக்கொம் வீலாக்குக்கு எழுதிய கடிதத்தில், கல்லூரித்தாய் ரொம்பவும் வெள்ளையாகிவிட்டாள், எங்கள் பிள்ளைகளுக்கு அவள் பாலூட்டப் போவதில்லை என்ற பொருளில் மனம் நொந்து எழுதினார். தன் வசூலில் எழுந்த அந்தக் கல்லூரிக்குள் அவர் ஒரு முறைகூடக் கால் வைக்கவில்லை என்பார்கள்.

அவர் சொன்னது பலித்தது. முதல் இருநூறு வருஷத்தில் அங்கே பட்டம் பெற்ற பூர்வகுடி மாணவர்கள் பத்தொன்பது பேர்! அவர்களில் ஒருவர் 1887ல் தேறிய சார்ல்ஸ் ஈஸ்ட்மன் என்ற டக்கோட்டா இனத்தவர். பிறகு டாக்டராகி, 1890ல் வூண்டட் நீ என்ற இடத்தில் அமெரிக்கப் படை நடத்திய படுகொலையில் தப்பியவர்களுக்கு வைத்தியம் பார்த்தார். ஒரு சீட்டு சரியான கைக்குப் போனால் என்ன ஆகும் என்று காட்டியவர். 1970ல்தான் கெமனி என்ற தலைவர் வந்து, ‘நாம் ஏமாற்றிவிட்டோம், இனி சாசனப்படி நடப்போம்’ என்கிற முடிவுக்குக் கல்லூரியைக் கொண்டு வந்தார். அதன் பிறகு அங்கே படித்த பூர்வகுடிகள் ஆயிரம் பேருக்கும் மேல்.

இதற்கிடையில் 1968லேயே நவஹோ இனத்தார் அரிசோனாவில் தங்கள் நிர்வாகத்தில் ஒரு கல்லூரி தொடங்கிவிட்டார்கள். பூர்வகுடிக் கல்லூரிகள் பல வந்தன. அவற்றின் மாணவர்களுக்கு நன்கொடை திரட்டவே 1989ல் ஒரு நிதி அமைப்பும் பிறந்தது. என்ன படிப்பு, யாருக்கு உதவி என்று பேசுகிற மேசையில் இப்போது அந்த மக்களே உட்கார்ந்திருக்கிறார்கள். ஆக்கொமுக்கு அந்த மேசையில் இடமே கொடுக்கவில்லை. வசூல் செய்ய அவர் வேண்டியிருந்தது, செலவைத் தீர்மானிக்க வேண்டியிருக்கவில்லை.

2022 ஏப்ரலில் டார்ட்மத் கல்லூரி, ஆக்கொமின் கடிதங்களையும் கையெழுத்துப் பிரதிகளையும் மொஹீகன் மக்களிடமே திருப்பிக் கொடுத்தது.

நம் ஹாஸ்டலில் என் அறையில் ஒரு மலைக் கிராமத்துப் பையன் இருந்தான். கல்லூரி ஃபீஸுக்கு யாரோ ஒரு புண்ணியவான் கொடுத்தார். ஆனால் லீவுக்கு ஊர் போக பஸ் காசும், மெஸ் பில்லும்தான் அவன் பிரச்சினை. அதை அவனிடம் யாரும் கேட்கவில்லை, நான் உட்பட. இரண்டாம் வருஷம் அவன் வரவில்லை.

இந்தச் சந்திப்பின் பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் கொண்டு வருகிறேன். உதவித்தொகைக் கமிட்டியில், மலையிலிருந்தும் குக்கிராமத்திலிருந்தும் இங்கே வந்து படித்தவர்கள் ரெண்டு பேராவது ஓட்டுரிமையோடு இருக்கணும். முன்மொழிய நான் இருக்கேன். வழிமொழிய யாராவது ஒருத்தர் கை தூக்குங்க.