நீல மாத்திரைக்கு முன்னும் பின்னும்

மட்டக்களப்புக்குப் போனால் பாயோடு ஒட்டவைத்து விடுவார்கள் என்று வெளியூரில் ஒரு கதை உண்டு. எங்கட மந்திரத்துக்கும் வசிய மருந்துக்கும் இருந்த பேர் அது. அந்தக் கதைக்குள் இன்னொரு நம்பிக்கையும் ஒளிந்திருக்கு: ஆணின் உடம்பில் எது மாறினாலும், அது வேறு யாரோ செய்த வேலை. செய்வினை, இல்லாட்டி பெண்.

மேற்கத்தைய வைத்தியமும் பெரிதாக முந்தி நிற்கவில்லை. 1970கள் வரைக்கும் விறைப்புக் குறைபாட்டைப் பெரும்பாலும் மனப் பிரச்சினை என்றே பார்த்தார்கள். 1982இல் பிரான்ஸ் வைத்தியர் ரொனால்ட் விராக், பப்பவெரின் மருந்தை ஆணுறுப்பில் ஊசியாக ஏற்றினால் விறைப்பு வரும் என்று காட்டினார். அடுத்த வருசம் லாஸ் வேகாஸ் மாநாடு ஒன்றில், ஜைல்ஸ் பிரிண்ட்லி தனக்குத் தானே ஊசி போட்டுக்கொண்டு வந்து, மேடையிலேயே காற்சட்டையை இறக்கி நிரூபித்தார். சிரிக்கலாம். ஆனால் அந்த ஊசி சொன்ன செய்தி பெரியது: இது இரத்தக் குழாயோடு சம்பந்தப்பட்ட விசயம். அதே 1983இல்தான் 'முந்தானை முடிச்சு' வந்து, முருங்கைக்காயை நமட்டுச் சிரிப்புக்குரிய காயாக்கியது.

பிறகு வந்தது மாத்திரை. இங்கிலாந்தின் சான்ட்விச் நகரில் ஃபைசர் நிறுவனம் நெஞ்சுவலிக்கென்று சில்டெனாஃபில் மருந்தைப் பரிசோதித்தது. நெஞ்சுக்குப் பெரிய பலன் இல்லை. பக்கவிளைவாக விறைப்பு வந்தது. 1998 மார்ச் 27இல் அமெரிக்கா அதை வயாக்ராவாக அனுமதித்தது. நைட்ரிக் ஒக்சைட் இரத்தக் குழாயைத் தளர்த்தும் விதத்தைக் கண்டறிந்த மூவருக்கு நோபல் பரிசு கிடைத்ததும் அதே வருசம்தான். இந்த மாத்திரை வேலை செய்வதும் அந்த வழியில்தான். ஆசையை அது உண்டாக்காது. ஆசை வந்தால் இரத்த ஓட்டத்துக்கு உதவும், அவ்வளவுதான்.

இந்தியாவின் 1970 காப்புரிமைச் சட்டம் மருந்துக்கு உரிமை கொடுக்கவில்லை, செய்முறைக்கு மட்டும் கொடுத்தது. அதனால் 2001இலேயே பெனெக்ரா, கவெர்டா என்று இந்திய மாத்திரைகள் மலிவாக வந்துவிட்டன.

மாத்திரை மலிந்தது, வெட்கம் மலியவில்லை. 1992இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய நிபுணர் குழு, 'வலுவின்மை' என்ற பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல்லை விட்டுவிட்டு 'விறைப்புக் குறைபாடு' என்றே சொல்லும்படி பரிந்துரைத்தது. நாம் இன்னும் 'ஆண்மைக்குறைவு' என்கிறோம். ஒரு இரத்தக் குழாய்க் கோளாறுக்கு முழு ஆணையும் பிணையாக வைக்கிற சொல் அது. அந்தச் சொல்லுக்குப் பயந்துதான் ஆட்கள் வைத்தியரிடம் போகாமல் சுவரொட்டி லேகியத்தைத் தேடுகிறார்கள். 'மூலிகை' என்று விற்றவற்றில் சில்டெனாஃபிலைக் கள்ளமாகக் கலந்திருந்தது பல நாடுகளில் பிடிபட்டிருக்கு. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் எடுக்கிறவர் அதைத் தெரியாமல் விழுங்கினால், பிரஷர் சட்டென்று விழுந்து உயிரே போகலாம்.

இன்னொன்று. விறைப்புக் குறைவது சிலருக்கு நீரிழிவின், இதய நோயின் முதல் அறிகுறி. அதை மறைக்கிறவர் தன் நெஞ்சு கொடுக்கிற எச்சரிக்கையையும் சேர்த்து மறைக்கிறார். பிள்ளை இல்லையென்றால் முதலில் பேச்சு வாங்குவது மனிசிதான். புருசனுக்கு இப்படி ஒரு கோளாறு இருந்தாலும் அதை வெளியே சொல்ல அவளுக்கு வழியில்லை. மருந்து வந்து கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது. பழைய சொல்லைக் கைவிட நமக்கு எந்தப் பார்மசியும் தேவையில்லை.