பெயர்த்து வைக்கப்பட்ட வீடுகள்

எமக்குத் திங்கட்கிழமைதான் ஞாயிற்றுக்கிழமை. உணவகம் அன்றைக்குப் பூட்டு. மற்ற ஆறு நாளும் குசினியின் பின்கதவால் உள்ளே போய், நள்ளிரவில் அதே கதவால் வெளியே வருகிறோம். ஓகூஸில் இத்தனை வருடம் இருந்தும் நாம் நன்கு அறிந்தது அந்தக் கதவையும் பஸ் தரிப்பிடத்தையும்தான். அண்மையில் அம்மா தொலைபேசியில் சொன்னார்: "தம்பி, நீ அனுப்புற படத்திலை உன்ரை முகம் மட்டும்தான் தெரியுது. ஊரைக் காணேல்லை." ஆகவே ஒரு திங்கட்கிழமை, கைத்தொலைபேசியும் கையுமாக ஊரைப் படம் எடுக்கப் புறப்பட்டோம்.

புகையிரத நிலையத்துக்கு அருகிலேயே நகரமண்டபம். ஆர்ன யாக்கொப்சனும் எரிக் மொல்லரும் வரைந்தது. 1941 இல், நாடு ஜேர்மன் படையின் பிடியில் இருந்தபோது திறந்துவைத்தார்கள். முதல் வரைபடத்தில் கோபுரமே இல்லை. நகரமண்டபம் என்றால் கோபுரம் வேண்டாமா என்று சனங்கள் பிடிவாதம் பிடித்ததால், 60 மீற்றர் உயரத்தில் கோபுரம் எழுந்தது. சுவருக்குச் சலவைக்கல்லும் வந்தது. எம் படத்திலும் முதலில் விழுந்தது அந்தக் கோபுரம்தான்.

பேராலயத்தை ஒரு படத்துக்குள் அடக்க முடியவில்லை. 93 மீற்றர் நீளம்; டென்மார்க்கிலேயே நீளமான தேவாலயம். 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டத் தொடங்கினார்கள். கடலோடிகளின் காவலரான புனித கிளெமெந்துவின் பெயரைக் கொண்டது. கரையோர ஊரில் பிறந்த எமக்கு அவர் அந்நியராகத் தெரியவில்லை. கிட்டத்தில் உள்ள மாதா தேவாலயத்தின் அடியில் இன்னொரு தேவாலயம் இருக்கிறது. 1060ஆம் ஆண்டளவில் கல்லால் கட்டிய நிலவறைக் கோயில். 1950களில் திருத்த வேலை செய்தபோதுதான் அதைக் கண்டெடுத்தார்கள். அதுவரை தம் காலடியில் ஒரு கோயில் புதைந்திருப்பது தெரியாமலே மேலே பூசை நடந்திருக்கிறது.

அங்கிருந்து வடக்கே மேட்டில் ஏறினால் பல்கலைக்கழகம். 1928 இல் வாடகை அறைகளில் தொடங்கியது. முதற் கட்டடம் 1933 இல் வந்தது. செங்கற் சூளைக்காரர்கள் அன்பளிப்பாகக் கொடுத்த மஞ்சட் கற்களே அதன் நிறமாயிற்று. யாழ்ப்பாணத்தில் வரலாற்றுப் படிப்பை இரண்டாம் ஆண்டோடு விட்டுவந்த எமக்கு, புத்தகப் பையோடு போகும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு நிற்பது சுலபமாக இல்லை. ஜேர்மனியரின் இரகசியப் பொலிஸ் இங்கேயுள்ள மாணவர் விடுதிகளில்தான் தலைமையகம் வைத்திருந்தது. 1944 ஒக்டோபர் 31 அன்று பிரித்தானிய விமானங்கள் அதைக் குண்டுவீசித் தகர்த்தன. எதிர்ப்பியக்கத்தவரைப் பற்றிய கோப்புகளை எரிப்பது நோக்கங்களில் ஒன்று. பிரதான கட்டடத்தில் வேலையாக நின்ற கட்டடக்கலைஞர் சீ. எஃப். மொல்லர் இடிபாட்டுக்குள் அகப்பட்டு, உயிருடன் மீட்கப்பட்டார். இங்கே கடதாசி எரிந்ததால் உயிர்கள் தப்பின. 1981 இல் யாழ் நூலகத்தோடு 97,000 வரையான நூல்கள் எரிந்தபோது யார் தப்பினார்கள் என்று கேட்டுக்கொண்டே மேட்டை விட்டு இறங்கினோம்.

கடைசியாகப் போனது, தாவரவியற் பூங்காவுக்குள் இருக்கும் 'டென் கம்ல பூ', பழைய நகரம். தெரு, கடை, முற்றம் என்று உண்மையான ஊர் போலவே இருக்கிறது. ஆனால் இங்குள்ள வீடுகளில் ஒன்றாவது இந்த இடத்தில் பிறந்ததில்லை. சுமார் 75 கட்டடங்கள், டென்மார்க்கின் பல ஊர்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டவை.

தொடக்கம் ஒரே ஒரு வீடு. ஓகூஸின் நடுவில் 1597 இல் கட்டிய மாளிகை. 1907 இல் அதை இடிக்கத் தீர்மானித்தார்கள். பீட்டர் ஹோல்ம் என்ற ஆசிரியர், மொழிபெயர்ப்பாளரும்கூட, விடவில்லை. அது மரச்சட்ட வீடு. தூணும் வளையும் ஒன்றுக்குள் ஒன்று பொருத்தியவை. அடையாளமிட்டுக் கழற்றினால் வேறிடத்தில் பூட்டலாம். அப்படிக் கழற்றிய வீட்டை 1909 இல் இந்நகரில் நடந்த தேசியக் கண்காட்சியில் நிறுத்திக் காட்டினார்கள். பிறகு மறுபடி கழற்றி, 1914 இல் இந்தப் பூங்காவில் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். இரண்டு தரம் இடம்பெயர்ந்த வீடு! அதன் முன்னால் நெடுநேரம் நின்றோம். படமும் எடுத்தோம்.

1974ஆம் ஆண்டுத் தெரு ஒன்றும் அங்கே உண்டு. அதில் துருக்கியிலிருந்து கூலிவேலைக்கு வந்தவர்களின் குடியிருப்பை அன்றைக்கு இருந்தபடி வைத்திருக்கிறார்கள். எங்கள் அறைக்குள் நுழைந்தது போல இருந்தது.

அன்றிரவு படங்களை அனுப்பினோம். அம்மா பேராலயத்தையும் கோபுரத்தையும் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அந்த மரவீட்டைப் பற்றி மட்டும் கேட்டார்: "அப்ப, வீட்டைக் கழட்டிக் கொண்டு போகலாமோ தம்பி?"

எங்கள் ஊர் மயிலிட்டி. 1990 யூனில் வலிகாமம் வடக்குச் சனம் எழும்பியபோது எமக்கு ஒரு வயது. அம்மா எம்மை இடுப்பிலும் ஒரு பையைத் தோளிலும் கொண்டுவந்தார். 2017 இல் துறைமுகமும் சூழவுள்ள நிலமும் விடுபட்டபின் அவர் போய்ப் பார்த்தார். கிணறு இருந்தது, வீடு இல்லை. பையில் வந்த கலியாணப் படம் ஒன்றில் அந்த வீட்டின் இரண்டு தூணும் அரை யன்னலும் தெரிகின்றன. மிச்சத்தை மாப்பிள்ளையும் பொம்பிளையும் மறைத்து நிற்கிறார்கள். எங்கள் ஆட்கள் எல்லாரும் இப்படித்தான் படம் எடுத்தோம். வீடு எங்கே போய்விடப் போகிறது என்று நினைத்தோம்.

சுண்ணாம்பும் கல்லும் சேர்த்துக் கட்டிய வீட்டைக் கழற்றிப் பூட்ட முடியாது. ஆனால் ஹோல்மின் வேலையில் பாதியை நாமும் செய்யலாம்: அடையாளமிடலாம். இப்போது திங்கட்கிழமைகளில் அம்மாவிடம் கேட்டு, உணவகத்துப் பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில் வரைகிறோம். வாசல் எந்தத் திசை? விறாந்தை எத்தனை அடி? வளை பனையோ வேம்போ? குசினிக்குப் புகைக்கூடு இருந்ததா? கட்டிய மேசன் யார்? வாசிக்கிற நீங்களும் உங்கள் தாய் தகப்பன் இருக்கும்போதே கேட்டுக் குறித்து வையுங்கள். பிந்தினால் கேட்க ஆளிருக்காது.

விறாந்தையில் தூண் நாலு என்கிறார் அம்மா. கனடாவில் இருக்கும் பெரியம்மா ஆறு என்று அடித்துச் சொல்கிறார். இரண்டு பேரும் போன கிழமை முழுக்க இதற்காகச் சண்டை. வரைபடத்தில் இரண்டு தூணை மையாலும் மற்றவற்றைப் பென்சிலாலும் போட்டு வைத்திருக்கிறோம்.